சத்தமில்லாமல் எடுத்த படம்

என் மகள் என்னை ஏமாற்றிப் படம் எடுத்தாள். சிநேகிதிகளுக்கு இதைச் சொல்லும்போது சிரித்துக்கொண்டுதான் சொல்கிறேன். அவர்களும் சிரிக்கிறார்கள். "இனி உம்மை ரோட்டிலை கண்டால் ஓட்டோகிராஃப் வாங்கவேணும்" என்கிறார்கள். தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுத்தான் நான் அந்தக் கதையைத் தொடங்குவேன்.

அவள் பல்கலைக்கழகத்தில் சினிமா படிக்கிறாள். போன குளிர்காலத்தில் இத்தாலிய நவயதார்த்தப் படங்களைப் பற்றி ஒரு பாடம் படித்தாள். அன்றிலிருந்து, நாங்கள் புலம்பெயர்ந்து வந்து வாழும் பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடியில் இருக்கும் எங்கள் வீடு பாதி இத்தாலியாகிவிட்டது. சாப்பாட்டு மேசையில் அதே கதைதான்.

"சண்டை முடிஞ்ச கையோடை அவங்களிட்டை ஸ்டூடியோ இல்லை, லைட் இல்லை, ஒண்டுமில்லை அப்பா. கமராவைத் தூக்கிக்கொண்டு அப்பிடியே ரோட்டுக்கு வந்திட்டாங்கள். நடிகரும் வேண்டாம். மேசன் வேணுமெண்டால் உண்மையான மேசனையே பிடிக்கிறது."

என் கணவர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பண்டகசாலையில் வேலை செய்கிறார். களைத்து வந்தாலும் பகிடிக்குக் குறைவில்லை. "நடிக்கத் தெரியாத ஆக்கள்தான் வேணுமெண்டால் சொல்லு பிள்ளை. எங்கடை சங்கத்து நாடகக்காரர் முழுப்பேரையும் கூட்டிக்கொண்டு வாறன்."

"அவை நடிக்கத் தெரியாமல் நடிக்கினம். எனக்கு நடிக்காமலே இருக்கிற ஆக்கள் வேணும்."

"அப்ப என்னைப் பிடி. நான் வேலையிலை அதைத்தான் செய்யிறன், ஒண்டும் செய்யாமல் நிக்கிறன்."

ஒரு ஞாயிறு பின்னேரம் அந்தப் படங்களில் ஒன்றை எங்களுக்குப் போட்டுக் காட்டினாள். பேச்சு இத்தாலியன், கீழே பிரெஞ்சு எழுத்து. கணவர் கால் மணித்தியாலத்தில் குறட்டை விடத் தொடங்கினார். நான் ஊரில் பட்டப்படிப்புப் படித்தவள். யதார்த்தவாதம் பற்றிப் பரீட்சைக்குப் பக்கம் பக்கமாக எழுதி நல்ல புள்ளியும் வாங்கியிருக்கிறேன். எழுதியபோது அது வெறும் சொல். அன்று திரையில் ஒரு தெரு வந்தது. சுவர் பாதியில் நின்றது. ஜன்னல் இருந்தது, அதற்குப் பின்னால் வீடு இல்லை, வானம் இருந்தது. அந்தத் தெரு எனக்குத் தெரியும். பெயரும் நாடும் வேறு, அவ்வளவுதான்.

தண்ணீருக்கு நிற்கும் வரிசை ஒன்றும் வந்தது. அதில் நின்ற பெண்களுக்கு எப்படி நிற்பது என்று யாரும் சொல்லிக்கொடுத்திருக்கமாட்டார்கள். ஒரு காலில் பாரத்தை வைத்து, வாளியை மற்றக் காலோடு அணைத்து, முன்னால் நிற்பவளின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி மட்டும் சட்டென்று திரும்பிக் கமராவைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அந்த மனுசியைத் திரும்ப ஒருக்கா காட்டு" என்றேன்.

"அது பிழை அம்மா. கமராவைப் பாக்கக்கூடாது. ஆனால் அவங்கள் அதை வெட்டாமல் விட்டிருக்கிறாங்கள். எவ்வளவு வடிவு, என்ன?"

அன்று அவள் இன்னும் இரண்டு விஷயங்கள் சொன்னாள். அந்தப் படங்களைப் பெரும்பாலும் சத்தமில்லாமல்தான் எடுத்தார்களாம். குரலைப் பிறகு ஒரு அறைக்குள் இருந்து, உதட்டசைவைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தார்களாம். மற்றது, நடிகர் அல்லாதவர்களுக்குக் கேட்டவுடன் அழ வராது. அதனால் சில இயக்குநர்கள் ஏதாவது பொய்யைச் சொல்லி, உண்மையாகவே மனம் நோகவைத்து, அந்த முகத்தைப் பிடித்துக்கொள்வார்களாம்.

"பாவமெல்லே?" என்றேன்.

"ஓம், பாவம்தான். ஆனால் முகம் பொய் இல்லை."

"படம் முடிஞ்ச பிறகு அந்தச் சனம் என்ன செய்தது?"

அவள் யோசித்தாள். "தெரியாது. அதைப் பற்றி வகுப்பிலை கதைக்கேல்லை."

வருட முடிவுக்கு அவள் ஒரு குறும்படம் செய்யவேண்டும். பிள்ளை வீட்டுக்கு வரப் பிந்துகிறது, தாய் காத்திருக்கிறாள், அதுதான் கதை. தாயாக நான். கமரா பிடிப்பது அவளோடு படிக்கும் சென்னைப் பெண். எங்கள் வீட்டுக்கு நேரெதிர்க் கட்டிடத்தில் இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறாள். எங்கள் வீட்டு இடியப்பத்துக்கும் சொதிக்கும் வாடிக்கைக்காரி. ஒரு சனிக்கிழமை முழுக்க என்னைக் குசினி ஜன்னலடியில் நிறுத்தி எடுத்துப் பார்த்தார்கள்.

"அம்மா, ஏன் நெஞ்சிலை கை வைக்கிறீங்கள்?"

"பயத்திலை."

"டிவி நாடகத்து மாமியார் மாதிரிக் கிடக்கு."

சென்னைப் பெண் கமராவுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள். "ஆன்ட்டி, நீங்க கொஞ்சம் சும்மா இருந்தா போதும்" என்றாள். சும்மா இருப்பது எனக்கு வரவில்லை. பின்னேரம் இரண்டு பேரும் சாமான்களைக் கட்டினார்கள். "பரவாயில்லை அம்மா, வேறை ஏதாவது யோசிப்பம்" என்று மகள் சொன்னாள். அத்தோடு விட்டுவிட்டாள் என்று நான் நினைத்தேன்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை. பனி கரைந்து, குளிர்காலம் முழுக்கப் போட்ட சரளைக்கல் நடைபாதையில் நறநறத்துக்கொண்டிருந்தது. ஒரு கலியாணத்துக்குச் சட்டை தைக்க அளவு கொடுக்க நாங்கள் இரண்டு பேரும் தையற்கடைக்குப் போவதாக ஏற்பாடு. நேரத்துக்கு வந்துவிடச் சொல்லியிருந்தேன். போனில் செய்தி வந்தது: "மெட்ரோவாலை இறங்கிட்டன். இந்தா வாறன்."

மெட்ரோவிலிருந்து எங்கள் வீடு கூப்பிடு தூரம். தேத்தண்ணி போட்டேன். அவளுடையதைத் தட்டால் மூடிவைத்தேன். ஆறிவிட்டது. போன் எடுத்தேன், அடிக்கவேயில்லை. நேரே பதிவுக் குரலுக்குப் போனது. மறுபடியும் எடுத்தேன். கணவர் வேலையில். அவருக்கு எடுக்க, "சார்ஜ் போயிருக்கும். வழியிலை ஆரையாவது கண்டு கதைச்சுக்கொண்டு நிப்பாள், நீர் பதறாதையும்" என்றார்.

பிந்துவேன் என்று சொல்லியிருந்தால் நான் கோபத்தோடு இருந்திருப்பேன். கோபம் நல்லது, அதோடு அடுப்பைத் துடைக்கலாம், உடுப்பு மடிக்கலாம். இந்தா வாறன் என்று சொல்லிவிட்டு வராமல் இருந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பல்கனிக்குப் போனேன். வந்தேன். திரும்பப் போனேன். பிறகு படியிறங்கினேன்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம். மெட்ரோ பக்கம் போனதும், பாதியில் திரும்பியதும், வந்த ஒரு சர்தார்ஜிக் கிழவரை மறித்ததும் நினைவிருக்கிறது. பிறகு மூலையில் இருக்கும் தெப்பனேர். பாலும் லொத்தர் சீட்டும் விற்கும் சின்னக் கடை. கடைக்காரர் வங்காளி, மகளைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர். வாசலில் பெட்டி அடுக்கிக்கொண்டு நின்றார். நான் ஏதோ கேட்டேன். அவர் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். பிறகு முகம் தெளிந்து, இவளா, இப்போதுதானே அங்கே போனாள் என்று ஆங்கிலத்தில் சொல்லிக் கையை நீட்டினார்.

அந்தக் கை காட்டிய திசையில் நிமிர்ந்து பார்த்தேன். எதிர்க் கட்டிடத்தின் இரண்டாம் மாடி ஜன்னல். அங்கே ஒரு கமராவின் கண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு மேலே என் மகளின் முகம்.

எப்படிப் படியேறினேன் என்று தெரியாது. கதவைத் திறந்தவள் சென்னைப் பெண். அழுதுவிடுவாள் போலிருந்தாள். "ஆன்ட்டி, சத்தியமா, உங்ககிட்ட சொல்லிட்டேன்னு சொன்னா ஆன்ட்டி. அப்புறம் பாத்தா நீங்க ஓடுறீங்க. இறங்கிப் போலாம் இறங்கிப் போலாம்னு எத்தனை தடவ சொன்னேன் தெரியுமா?"

மகள் சுவரோடு நின்றாள். நான் அவள் கையைத் தொட்டுப் பார்த்தேன், தோளைத் தொட்டுப் பார்த்தேன். பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது.

"ஏன் இறங்கி வரேல்லை?"

"பல்கனியிலை நிண்டு பாப்பீங்கள், அவ்வளவுதான் எண்டு நினைச்சன். உடனை வந்து சொல்லுவம் எண்டுதான் இருந்தனான்."

"நான் ரோட்டுக்கு வந்ததைக் கண்டனி தானே. பிறகேன் வரேல்லை?"

அவள் நிலத்தைப் பார்த்தாள். "வெளிச்சம் நல்லா இருந்தது அம்மா."

இந்த ஒரு வசனம்தான் இன்னும் எனக்குள் கிடக்கிறது. அவள் பொய் சொல்லவில்லை. ஏப்ரல் பின்னேர வெயில் எங்கள் தெருவில் அந்த நேரத்தில் சாய்ந்து விழும், செங்கல் சுவரெல்லாம் பொன்னாகத் தெரியும். அதை நானும் ரசித்திருக்கிறேன்.

பிறகு அவள்தான் கேட்டாள். "அம்மா, உதை ஏன் கொண்டு வந்தனீங்கள்?"

அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். வரவேற்பறைச் சுவரில் மாட்டியிருந்த, கண்ணாடிச் சட்டம் போட்ட அவளுடைய படம். பள்ளிக்கூடம் முடித்தபோது நீல அங்கியோடு எடுத்தது. என் சட்டைப் பையில் இருந்த போனில் அவளுடைய படங்கள் ஆயிரம் கிடக்கும். ஆணியிலிருந்து அந்தச் சட்டத்தை எப்போது கழற்றினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கணவருக்கு அன்று பகிடி வரவில்லை. சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தார். "பிள்ளை, இனி ஒரு நாளைக்கு நீ உண்மையாவே பிந்தினாலும், உண்மையாவே ஏதும் நடந்தாலும், இதுவும் படமோ எண்டுதான் நாங்கள் முதல் யோசிப்பம். அதை யோசிச்சனியே?" என்று கேட்டார். அவள் யோசித்திருக்கவில்லை. அழுதாள். படத்தை அழித்துவிடுகிறேன் என்றாள்.

"முதல் எனக்குக் காட்டு" என்றேன் நான்.

அவள் அறையில், கணினிக்கு முன்னால் இருந்து பார்த்தேன். சத்தம் இல்லை. தூரத்திலிருந்து எடுத்ததால் தெருச் சத்தம்கூட இல்லை. நெஞ்சில் கை வைக்காத, யாருக்காகவும் எதுவும் செய்து காட்டாத ஒரு பெண் வேகமாக நடந்தாள். சட்டத்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தாள், கண்ணாடிப் பக்கம் வெளியே, எதிரே வருகிறவருக்குத் தெரியும்படி. ஒருவரிடம் கேட்கும்போது சட்டத்தைக் கொஞ்சம் முன்னால் சரித்து, வெயில் கண்ணாடியில் பட்டுத் தெறிக்காமல் பார்த்துக்கொண்டாள்.

அந்தப் பிடி எனக்குத் தெரியும். பழகிய இடமும் தெரியும். இடம்பெயர்ந்து திரும்பி வந்த அடுத்த வருடம், என் தம்பி சைக்கிள் டியூப்புக்கு ஒட்டுப்போடப் போனவன் வரவில்லை. எங்களிடம் அவனுடைய ஒரு படம்தான் மிஞ்சியிருந்தது, அதுவும் சட்டத்துக்குள். கழற்றினால் கிழிந்துவிடும் என்று அம்மா அப்படியே தூக்கித் தந்தார். ராணுவ முகாம் வாசல்களில் நானும் அம்மாவும் நின்றோம். எங்களைப் போல நிறையப் பேர் நின்றார்கள். சட்டத்தை எப்படிப் பிடிப்பது என்று அங்கே யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. வெயில் சொல்லிக்கொடுத்தது.

மகளுக்கு ஒரு மாமா இருந்தார் என்பது தெரியும். சண்டையில் போய்விட்டார் என்பதும் தெரியும். அதற்கு மேல் அவள் கேட்டதில்லை. போய்விட்டார் என்றால் இங்கே பிறந்த பிள்ளைக்கு என்ன விளங்கும்?

"அழிக்காதை, வைச்சிரு" என்றேன். அப்போது எங்களை யாரும் படம் எடுக்கவில்லை. அந்த வாசல்களில் நான் எப்படி நின்றேன் என்று காட்ட உலகத்தில் ஒரு துண்டுப் படமும் இல்லை. அதைப் பிடித்துத் தந்தவள் என்னை நோகவைத்துத்தான் பிடித்தாள். இரண்டும் உண்மை. ஒன்றை வைத்து மற்றதைக் கழிக்க எனக்குத் தெரியவில்லை.

குரல் சேர்க்கும் நாள் வந்தது. பல்கலைக்கழகத்தில், சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய ஒரு சின்ன அறை. எனக்கு முன்னால் ஒலிவாங்கி, அதற்கு மேலே திரை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகளும் சென்னைப் பெண்ணும். கடைக்காரரிடம் நான் கேட்கும் இடத்துக்கு வந்தார்கள். என்ன கேட்டேன் என்று எனக்கு ஞாபகமில்லை என்று ஏற்கெனவே சொல்லியிருந்தேன். மகள் ஊகித்து வைத்திருந்தாள்.

"'மகளைக் கண்டனீங்களோ' எண்டு சொல்லுங்கோ அம்மா. உதட்டைப் பாத்துக்கொண்டு சொல்லுங்கோ."

சொன்னேன். பொருந்தவில்லை. திரும்பச் சொன்னேன். கொஞ்சம் மெதுவாக, கொஞ்சம் வேகமாக. படத்தில் இருப்பவள் எனக்குப் பிடிகொடுக்கவில்லை.

"'பிள்ளையை' எண்டு சொல்லிப் பாருங்கோ."

அதுவும் இல்லை. சென்னைப் பெண்தான் அந்தத் துண்டை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தாள். "ஆன்ட்டி, 'மகள்'னாலும் 'பிள்ளை'ன்னாலும் மொதல்லயே உதடு மூடணும். ம, பி. இதுல நீங்க வாயத் தொறந்துதான் ஆரம்பிக்கிறீங்க. அதுக்கப்புறம்தான் மூடுது. பாருங்க."

பார்த்தேன். திரையில் என் வாய் திறந்தது. மூடியது. திறந்தது. திரும்ப ஓடவிட்டாள். திறந்தது, மூடியது. அவளுக்கு அது ஒரு புதிர், ஆர்வமாகத் தேடிக்கொண்டிருந்தாள். வங்காளிக் கடைக்காரர் ஏன் குழம்பினார் என்பது விளங்கியது. தமிழ் விளங்காமல் குழம்பினார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவருக்கு எங்கள் தெருவில் கேட்டுக் கேட்டு நாலைந்து தமிழ்ச் சொல் தெரியும். அவரையே நாங்கள் எல்லாரும் கூப்பிடுவது அந்த நாலைந்தில் ஒன்றால்தான்.

நான் ஒலிவாங்கியை மறந்துவிட்டு, திரையில் இருந்தவளோடு சேர்ந்து சொன்னேன். "தம்பியைக் கண்டனீங்களோ?"

ஒரு எழுத்துப் பிசகாமல் பொருந்தியது.

"சூப்பர் ஆன்ட்டி!" என்று சென்னைப் பெண்ணின் குரல் காதுக்குள் கேட்டது. பிறகு, "தம்பியா? யாரு தம்பி?" என்றாள்.

மகள் எழுந்து இந்தப் பக்கம் வந்தாள். கதவைச் சாத்தினாள். அந்த அறையில் கதவைச் சாத்தினால் மூச்சுவிடுவதுகூடக் கேட்கும்.

"மாமாவோ?"

"ஓம்."

"மாமா ஷெல் விழுந்து செத்தவரெண்டெல்லோ நான்…"

"நீ அப்பிடி நினைச்சாய். நான் திருத்தேல்லை. அவன் சாகவும் இல்லை, வரவும் இல்லை. இந்தா வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போனவன்."

அவள் தன் போனை எடுத்தாள். எனக்கு அனுப்பிய அந்தச் செய்தியைத் தேடி எடுத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். திரும்பத் திரும்ப வாசித்திருப்பாள். இரண்டே இரண்டு வரி. பிறகு என் காலடியில் நிலத்தில் இருந்துவிட்டாள், ஒலிவாங்கிக் கம்பிகளுக்கு மேலே. நான் அவள் தலையில் கை வைக்கவில்லை. வைக்கலாம் என்று தோன்றியது, கை எழும்பவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, "இப்ப நீங்கள் சொன்னது பதிவாகிட்டுது அம்மா. பாவிக்கலாமோ?" என்று கேட்டாள்.

இந்தப் படம் தொடங்கியதிலிருந்து அவள் என்னிடம் கேட்ட முதல் அனுமதி அது.

"வேண்டாம்" என்றேன்.

"சரி" என்றாள். ஏன் என்று கேட்கவில்லை.

ஜூன் தொடக்கத்தில் படத்தைத் திரையிட்டார்கள். மண்டபத்தில் மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும். பெரிய திரையில் நான் நடந்தேன். தெருச் சத்தம் சேர்த்திருந்தாள். பஸ், சரளைக்கல், எங்கோ அழும் குழந்தை. கடை வாசலில் நான் வாயைத் திறந்ததும் எல்லாச் சத்தமும் நின்றது. என் உதடு திறந்தது, மூடியது, திறந்தது. குரல் இல்லை. கடைக்காரரின் கை நீண்டது. நான் நிமிர்ந்து கமராவைப் பார்த்தேன். அந்தப் பார்வையை அவள் வெட்டவில்லை. படம் அதோடு முடிந்தது.

என் கணவர் இருட்டில் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். வெளிச்சம் போட்ட பிறகுதான் விட்டார். "நித்திரை கொள்ளேல்லை, பாத்தீரே?" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

வெளியே ஒரு வயதான பெண்மணி, மகளின் வகுப்பில் படிக்கும் யாருக்கோ தாயாக இருக்கவேண்டும், என் கையைப் பிடித்து பிரெஞ்சில் கேட்டார். அந்த இடத்தில் நீங்கள் என்ன கேட்டீர்கள்? மகளைக் கண்டீர்களா என்று, என்றேன். பக்கத்தில் நின்ற மகள் என்னைப் பார்த்தாள். திருத்தவில்லை.

இப்போது அவள் பிந்தினால் செய்தி அனுப்புவதில்லை. குரலில்தான் எடுக்கிறாள். "அம்மா, இது படமில்லை. உண்மையாவே பஸ் வரேல்லை." நான் சிரிக்கிறேன். "ஆறுதலா வா" என்கிறேன். போனை வைத்துவிட்டுப் பல்கனிக்குப் போகிறேன். எதிர்க் கட்டிடத்தில் அந்தச் சென்னைப் பெண் இப்போதெல்லாம் தன் ஜன்னல் திரையை முழுதாக விலக்கியே வைத்திருக்கிறாள். நான் கேட்கவில்லை, அவளாகவே செய்தது. என்னைக் கண்டால் வெறுங்கையை உயர்த்திக் காட்டுகிறாள்.

நானும் கை காட்டுகிறேன். அந்த ஜன்னலை மூலைக்கு மூலை ஒருமுறை பார்த்து முடித்த பிறகுதான் என் கண் தெருவுக்கு இறங்குகிறது.